மனம் புண்படுவது எப்படி? தொடங்குவோருக்கு ஒரு கையேடு

ஒரு புத்தகத்தைத் தடை செய்யவைக்கப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். அந்தப் புத்தகமேகூட வேண்டாம். புண்படத் தயாராக இருக்கும் ஒரு மனமும், அதை எந்த வாசலில் கொண்டுபோய்க் காட்டுவது என்கிற நடைமுறை ஞானமும் போதும். மனம் எல்லோரிடமும் இருக்கிறது. ஞானம் இல்லாததால்தான் பலர் தங்கள் வீட்டுத் திண்ணையில் புண்பட்டு, மாலைக்குள் ஆறியும் போய்விடுகிறார்கள். நாட்டுக்கு அதனால் என்ன லாபம்? ஒரு முதல் தகவல் அறிக்கை உண்டா, ஒரு அரசாணை உண்டா? அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு.

இந்த முறை எந்தக் கட்சிக்கும் மதத்துக்கும் சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல. பக்தர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள், பகுத்தறிவாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள், சட்டமன்றமே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறது. எல்லோருக்கும் வேலை செய்திருக்கிறது. எனவே தயக்கமில்லாமல் தொடங்கலாம்.

படிக்காதீர்கள்

முதல் விதி இதுதான். உங்களைப் புண்படுத்தும் நூல் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டால் வாங்கிவிடாதீர்கள். இரவலும் வேண்டாம். முழுவதும் படிப்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு: அந்தப் பாத்திரம் ஏன் அப்படிப் பேசுகிறது என்பது புரிந்துபோகலாம். புரிந்துகொண்ட மனத்தைப் புண்படுத்துவது ரொம்பச் சிரமம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. குழந்தையில்லாத ஒரு தம்பதியை ஊர் எப்படிக் குத்திக்குத்திப் பேசுகிறது என்பதுதான் கதை. நான்கு ஆண்டுகள் அது பாட்டுக்குக் கடைகளில் இருந்தது. படித்தவர்கள் பேசினார்கள், பிடிக்காதவர்கள் மூடி வைத்தார்கள், கதை நடக்கும் திருச்செங்கோடு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில்தான் ஊர் புண்பட்டது. முழு நாவலையும் யாரும் ஊருக்கு விநியோகிக்கவில்லை. சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தார்கள். தொடங்குவோர் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். நகல் எடுக்கும்போது முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாத்திரம் பேசுவதை ஆசிரியர் பேசுவதாக ஆக்க அதைவிட மலிவான தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.

நான்கு ஆண்டு தாமதம் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். புண்ணுக்குக் காலாவதித் தேதி கிடையாது.

தனியாகப் புண்படாதீர்கள்

உங்கள் மனம் புண்பட்டது என்று மட்டும் சொன்னால், “அப்படியா, புத்தகத்தை மூடி வையுங்கள்” என்று எவரும் சொல்லிவிட முடியும். உங்கள் சமூகத்தின் மனம் புண்பட்டது என்று சொல்லுங்கள். அந்தச் சமூகத்தில் எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்று இதுவரை எந்த அதிகாரியும் எந்தப் புகார்தாரரையும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால் அவரும் புண்படுத்தியவர் ஆகிவிடுவார்.

புகாரையும் ஒரே ஊரில் கொடுக்காதீர்கள். 2005இல் நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னார். பல ஊர் நீதிமன்றங்களில் அவர்மீது 23 குற்றவியல் புகார்கள் பதிவாயின. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர்கள் யாரும் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர்களே அல்ல என்றது. இதைத் தோல்வி என்று நினைப்பவர் இந்தத் துறைக்குப் புதியவர். 23 புகார், பல ஊர், ஐந்து ஆண்டு. தண்டனை தீர்ப்பில் இல்லை, வாய்தாவில் இருக்கிறது. அடுத்த நடிகை அடுத்த பேட்டியில் வானிலையைப் பற்றிப் பேசுவார்.

பிரிவைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. 1920களில் லாகூரில் நபிகளை இழித்து ஒரு சிறுநூல் வந்தது. அதை வெளியிட்டவர்மீது வழக்கு நடந்தது. அன்று இருந்த சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1927இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஊர் கொந்தளித்தது. உடனே ஆங்கில அரசு அதே ஆண்டில் தண்டனைச் சட்டத்துக்குள் 295ஏ என்று ஒரு புதிய பிரிவைச் செருகியது. இனி யாரும் சட்டத்தைக் கையில் எடுக்க மாட்டார்கள், அமைதி திரும்பிவிடும் என்பது கணக்கு. 1929இல் அந்தப் பதிப்பாளர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அமைதிக்காக வந்த சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் சட்டம் நன்றாகப் பிழைத்துக்கொண்டது.

வெள்ளைக்காரன் போனான், பிரிவு போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற எண்ணோடு புதுச் சட்டை போட்டுக்கொண்டு இருக்கிறது. பகைமையை வளர்ப்பதற்கான பழைய 153ஏ இப்போது 196. மனுவில் பழைய எண்களை எழுதி ஸ்டேஷனில் ஏட்டையா முன்னால் அசடு வழியாதீர்கள். 299இல் ‘திட்டமிட்டு’, ‘தீய நோக்கத்தோடு’ என்று இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை விசாரணை முடிவில் பார்க்க வேண்டியவை. உங்களுக்கு வேண்டியது தொடக்கம்தான்.

ஒரு காலத்தில் இதைவிட எளிய கருவி கையில் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008இல் சேர்த்த 66ஏ. இணையத்தில் எழுதியது இன்னொருவருக்கு எரிச்சலூட்டினாலே போதும், அசௌகரியம் தந்தாலே போதும், மூன்று ஆண்டு வரை சிறை. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை ஏன் கடையடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஓர் இளம்பெண் கைதானார். அந்தப் பதிவுக்கு ‘லைக்’ போட்ட அவர் தோழியும் கைதானார். கட்டைவிரலுக்கும் குற்றப்பொறுப்பு உண்டு என்று நாடு அன்று அறிந்துகொண்டது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று நீக்கியது. நீக்கிய பிறகும் காவல் நிலையங்கள் அதில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. 2021இல் இதைக் கேட்டு உச்ச நீதிமன்றமே அதிர்ந்தது. இறந்த பிறகும் விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்த ஒரே அரசு ஊழியர் 66ஏதான்.

மில் என்ற பெயரை யாராவது எடுத்தால்

இந்தத் துறையில் உங்களுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு: ஜான் ஸ்டூவர்ட் மில். 1859இல் ‘ஆன் லிபர்ட்டி’ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். படிக்க வேண்டாம், நான் சொல்லிவிடுகிறேன். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தடுப்பதற்கு அரசுக்கும் சமூகத்துக்கும் ஒரே ஒரு நியாயம்தான் உண்டு. அவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பது. ‘உன் நன்மைக்காகத்தான் தடுக்கிறேன்’ என்பது செல்லாது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது செல்லவே செல்லாது.

தீங்கு எங்கே தொடங்குகிறது என்பதற்கு மில் தானிய வியாபாரியை உதாரணம் காட்டினார். தானிய வியாபாரிகள் ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் எழுதட்டும், தடுக்காதீர்கள். அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் தண்டிக்கலாம். சொல் அதேதான், சொல்லும் இடமும் கேட்கும் ஆட்களும் வேறு. 66ஏவை நீக்கிய தீர்ப்பும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டைத்தான் கிழித்தது: ஒரு கருத்தை விவாதிக்கலாம், அதற்காக வாதாடலாம்; வன்முறைக்குத் தூண்டும்போதுதான் சட்டம் உள்ளே வரலாம்.

இதில் உங்களுக்கு இருக்கும் சங்கடத்தைப் பாருங்கள். மில்லின் உதாரணத்தில் தண்டனை பெறுபவர் பத்திரிகையில் எழுதியவர் அல்ல, வாசலில் கூட்டத்தோடு நிற்பவர். அது பெரும்பாலும் நீங்கள். அதனால் மில்லை விவாதத்துக்குள் விடவே விடாதீர்கள்.

வந்துவிட்டால் மடக்க ஒரு வழி இருக்கிறது. மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 35 ஆண்டு சம்பளம் வாங்கியவர். தன் சுதந்திரக் கொள்கை முதிர்ந்தவர்களுக்கு மட்டும்தான், குழந்தைகளுக்கும் பின்தங்கிய சமூகங்களுக்கும் அது பொருந்தாது என்று அதே புத்தகத்தில் எழுதி வைத்தார். அவர் கணக்கில் நாமெல்லாம் அந்தக் குழந்தைகள். எத்தனை ஆணவம் என்று கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வருகிறது. ஆனால் தெருப்பெயரிலிருந்து தண்டனைச் சட்டத்தின் பெயர் வரை வெள்ளைக்காரன் வைத்ததையெல்லாம் மாற்றிய நம் அரசுகள், மில்லின் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றாமல் பத்திரமாக வைத்திருக்கின்றன. நாம் எந்தப் படத்தைப் பார்த்தால் கெட்டுப்போவோம், எந்த நாவலைப் படித்தால் கல்லெடுப்போம் என்பதை இன்றும் ஒரு அலுவலகம் முடிவு செய்கிறது. அந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுவதுதான் உங்கள் வேலை.

சட்டம் ஒழுங்கு

இந்தக் கையேட்டின் மிக முக்கியமான அத்தியாயம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படிப்பது இங்கே மட்டும் அனுமதிக்கப்படுகிறது.

தாராளவாதிகள் அரசைத் தெருவுக்கு வைத்த காவலாளி என்பார்கள். திருடன் வந்தால் விசில் அடிக்க வேண்டும், கல்லெறிபவனைப் பிடிக்க வேண்டும். நம் வீட்டு அடுக்களைக்குள் வந்து என்ன குழம்பு என்று மூடியைத் திறந்து பார்க்க அவருக்குச் சம்பளம் இல்லை. இந்தக் கொள்கைப்படி, ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் எழுதியவரை அடிப்பேன் என்கிறார் என்றால், காவலாளி அடிப்பேன் என்பவர் கையைப் பிடிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதைத் தலைகீழாக்குவது. அதற்கு வன்முறை தேவையில்லை. வன்முறை நடக்கக்கூடும் என்று கவலை தெரிவித்தால் போதும். “எங்கள் இளைஞர்கள் கொதிப்பில் இருக்கிறார்கள், எங்களால் கட்டுப்படுத்த முடியாது” என்று மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு சொல்லுங்கள். அந்த இளைஞர்களைக் கொதிக்க வைத்தவர் யார் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. காவலாளி கணக்குப் போடுவார்: கூட்டத்தை நிறுத்த ஆயிரம் பேர் வேண்டும், எழுத்தாளரை நிறுத்த ஒரு கடிதம் போதும்.

2013 ஜனவரியில் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு நடந்ததும் இந்தக் கணக்குதான். தணிக்கைச் சான்று பெற்ற படம். சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மாவட்ட ஆட்சியர்கள் வரிசையாக 144 தடை உத்தரவு போட்டார்கள். மாநிலத்தில் ஐந்நூறுக்கு மேல் திரையரங்குகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் காவல் போட ஆள் இல்லை என்று அரசு விளக்கம் சொன்னது. நாட்டை விட்டே போய்விடலாமா என்று கமல்ஹாசன் பேசும் நிலை வந்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில இடங்களில் ஒலியை வெட்டி, பிப்ரவரியில் படம் வந்தது. திரையரங்குகள் இடிந்துவிடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அரசு இப்படிச் சொல்லக் கூடாது என்று அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்ப் படத்தை வைத்தே சொல்லியிருந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’, இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டமும் வன்முறை மிரட்டலும் வரும் என்பதற்காகக் கருத்தை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை, எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எனக்கு அந்தப் படத்தின் வாதம் பிடிக்காது. தீர்ப்பு பிடிக்கும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்பதை எப்படியாவது மக்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் இந்தத் தொழில் படுத்துவிடும்.

அமைதிப் பேச்சுவார்த்தை

கடையடைப்பு முடிந்ததும் உங்களை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைப்பார்கள். தேநீர் கொடுப்பார்கள். எதிரே எழுத்தாளர் உட்கார்ந்திருப்பார். இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதிகாரி சொல்வார். உங்கள் தரப்பு விட்டுக்கொடுக்க வேண்டியது கோபத்தை. அது நாளை மறுபடி வரும். அவர் தரப்பு விட்டுக்கொடுக்க வேண்டியது புத்தகத்தை. இதற்குச் சமரசம் என்று பெயர்.

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் பெருமாள்முருகன் உட்கார்ந்தது அப்படியொரு மேசையில்தான். நிபந்தனையற்ற மன்னிப்பு, சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தன் ஃபேஸ்புக்கில் அறிவித்தார். ஒரு நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஒரு தடை உத்தரவும் வரவில்லை, எந்தச் சட்டப்பிரிவும் வியர்வை சிந்தவில்லை. இந்தத் துறையின் உச்சம் என்று இதைச் சொல்லலாம்.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வந்து காரியத்தைக் கெடுத்தது. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றும் சொன்னது. ஒன்றரை ஆண்டு மௌனத்துக்கு யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது என்று மட்டும் அதில் வழியில்லை.

அதிகாரிகளுக்கு இரண்டு குறிப்புகள்

ஒன்று, காரணம் எழுதுங்கள். பெரியாரின் இராமாயண ஆய்வு நூலின் இந்தி, ஆங்கிலப் பதிப்புகளை 1969இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. எந்தப் பக்கம், எந்த வரி என்றெல்லாம் அழகாக அட்டவணை போட்டது. ஏன் என்பதை எழுத மறந்துவிட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1976இல், அதுவும் நெருக்கடி நிலை நடக்கும்போது, நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அந்த மேல்முறையீட்டைத் தள்ளியது. பெரியார் அதைப் பார்க்க இல்லை. ஒரு பத்தி எழுதச் சோம்பல்பட்டதால் ஏழு ஆண்டு உழைப்பு வீண்.

இரண்டு, எழுதியதைத் தொலைக்காதீர்கள். சல்மான் ருஷ்டியின் ‘தி சாத்தானிக் வெர்சஸ்’ நாவலை இறக்குமதி செய்ய 1988 அக்டோபரில் மத்திய அரசு தடை விதித்தது. பல ஆண்டு கழித்து ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த அறிவிக்கையைக் காட்டுங்கள் என்று கேட்டார். எந்தத் துறையிலும் கிடைக்கவில்லை. அப்படி ஓர் அறிவிக்கையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் முடித்துவைத்தது. 36 ஆண்டுகளாக ஒரு தேசம் ஒரு காகிதத்துக்குக் கீழ்ப்படிந்து நடந்திருக்கிறது, காகிதத்தைக் காணவில்லை.

நீங்களே பேச வேண்டி வந்தால்

புண்படுபவர்களும் சில நேரம் பேசித்தான் ஆக வேண்டும். அப்போது கருத்துச் சுதந்திரம் உங்களுக்கும் உண்டு என்பதை உரக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள் பேசினால் அது துணிச்சல், எதிராளி பேசினால் அது வெறுப்புப் பேச்சு. ஒரே நாளில் காலையில் ஒரு கைதைக் கண்டித்தும் மாலையில் இன்னொரு கைதை வரவேற்றும் அறிக்கை விடலாம். நம் கட்சிகளில் இதற்கு நல்ல பயிற்சி கிடைக்கும்.

பேசியதற்குப் பொறுப்பு ஏற்காதீர்கள். “வந்ததை ஃபார்வர்டு செய்தேன்” என்பது நல்ல சமாதானம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்துவிட்டு, படிக்காமல் பகிர்ந்தேன் என்று சொன்ன ஒரு நடிகரின் சமாதானத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இருந்தாலும் முயன்று பார்க்கலாம். எதிர்ப்பவரும் படிக்கவில்லை, பரப்புபவரும் படிக்கவில்லை என்றால் எழுத்தறிவு இயக்கத்துக்கு இத்தனை கோடி செலவழித்தது எதற்கு என்ற கேள்வி வரும். அதையும் யாருக்காவது ஃபார்வர்டு செய்துவிடுங்கள்.

பழைய தாராளவாதிகள் இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பானவர்கள். பேசும் உரிமை இருக்கிறது என்றால் பேசியதன் பலனும் உங்களுடையது என்பார்கள். ஊர் சிரிக்கும், நண்பர்கள் போவார்கள், வாசகர் காசு கொடுத்து வாங்க மாட்டார், பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுத்திருந்தால் அவர் நஷ்டஈடு கேட்பார். எல்லாம் சரிதான், போலீஸ் மட்டும் வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. கேட்பவருக்கும் அதே கண்டிப்பு: உங்கள் கோபம் உங்கள் சொத்து, அதைப் பராமரிப்பதும் உங்கள் பொறுப்பு.

எம்.ஆர்.ராதா தன் இராமாயண நாடகத்தை இப்படித்தான் நடத்தினார். நாடகத்தால் மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் தனக்கு வேண்டாம் என்று அவர் விளம்பரமே செய்ததாகச் சொல்வார்கள். இதைவிடச் சுருக்கமாக மில்லாலும் சொல்ல முடியவில்லை. டிக்கெட் வாங்காமல் இருப்பது ஒரு குடிமகனால் தனியாக, செலவில்லாமல், எந்த அதிகாரியின் தயவும் இல்லாமல் செய்யக்கூடிய எதிர்ப்பு. அதனாலேயே அரசுக்கு அது பிடிக்கவில்லை. நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954இல் தனிச் சட்டமே வந்தது.

பக்க விளைவுகள்

மருந்துப் பெட்டியில் சின்ன எழுத்தில் போடுவதை நாமும் போட்டுவிடுவோம். காவலாளி கையில் நீங்கள் கொடுக்கும் தடி உங்களை அடையாளம் தெரிந்து விலகிப் போகாது.

1950இல் சென்னை மாகாண அரசு, ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழை மாகாணத்துக்குள் வர விடாமல் தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். பொது அமைதி என்ற பெயரில் இப்படித் தடுக்க அரசியலமைப்பில் இடமில்லை என்று மே மாதத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இடமில்லை என்றால் இடம் பண்ணிவிடலாம் என்று நேரு அரசு 1951 ஜூனில் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தை உள்ளே சேர்த்தது. முதல் பொதுத் தேர்தல்கூட அப்போது நடந்திருக்கவில்லை. அமெரிக்கர்களின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது, நம்முடையது அவிழ்த்துவிட்டது.

அதே ஆண்டு, ஆட்சேபத்துக்குரிய செய்திகளை அச்சிடும் பத்திரிகைகளை அடக்க ஒரு சட்டம் வந்தது. அதை நாடாளுமன்றத்தில் முன்னின்று கொண்டுவந்தவர் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜாஜி. எட்டே ஆண்டில், 1959இல், அவரே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று அரசின் நீண்ட கையைக் கடைசிவரை சாடிக்கொண்டிருந்தார். சாடியது சரி. அந்தக் கைக்கு ஒரு முழம் நீளம் கூட்டியவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொன்று, நம் வீட்டுக் கதை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. தமிழ்நாடு சட்டமன்றத்தின் மனம் புண்பட்டது. மன்னிப்புக் கேட்க ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று சபாநாயகர் அறிவித்தார். நாடெங்கும் கண்டனம் கிளம்பியதும் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. வழக்குப் போட்டார், பல ஆண்டு நடத்தினார், கைது தவறு என்று தீர்ப்பும் ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார்.

அன்று அந்த அவையில் உட்கார்ந்திருந்த பலர், அடுத்தடுத்த ஆட்சிகளில் தாங்களே அவதூறு வழக்குகளைச் சுமந்துகொண்டு கோர்ட்டுக்கு நடந்தார்கள். எந்த ஆட்சியும் முந்தைய ஆட்சி போட்ட வழக்குகளை வாபஸ் வாங்கும். அவற்றைப் போட உதவிய பிரிவை வாபஸ் வாங்காது.

இந்தக் கையேட்டைப் படித்துச் சிலர் புண்பட்டிருக்கலாம். அவர்களுக்கு மேலே சொன்ன எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன, எண்கள்கூடக் கொடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். என் வாதத்தில் எங்கே ஓட்டை, எந்தத் தகவல் பிழை, யாரைச் சொல்லாமல் விட்டேன் என்று பெயர் போட்டு, எவ்வளவு காரமாக வேண்டுமானாலும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு சொல்லையும் வெட்டாமல் அச்சிடும்படி நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.